வாசகர் கேள்வி – பதில்: அக்கசாலைப் படத்துக்கு வண்ணம்

கேள்வி: அக்பர் காலத்து நாணயச் சாலையைக் காட்டும் பழைய கோட்டுப் படத்தைப் பள்ளிக் கண்காட்சிக்காகக் கையால் பெரிதாக்கி வரைகிறோம். மூலத்தில் வண்ணமே இல்லை. எதற்கு எந்த நிறம் பூசுவது?
– ஓவிய ஆசிரியை, காவேரிப்பட்டணம்

பதில்: நீங்கள் அனுப்பிய நகல், அக்பரின் ஆட்சியை விவரித்து அவரது அரசவை அறிஞர் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியை பிளாக்மன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1873-இல் வெளிவந்த தொகுதியில் உள்ள படம். உலோகம் உருக்குவது, சாம்பல் கழுவுவது, எடை பார்ப்பது, அச்சு வெட்டுவது, நாணயம் அடிப்பது என்று ஒவ்வொருவரும் ஒரு வேலையில் இருக்கிறார்கள். யார் என்ன செய்கிறார் என்று முதலில் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை புரிந்துவிட்டால் பாதி நிறம் தானாக முடிவாகிவிடும்.

நாணயம் அடிக்கும் இடத்தில்தான் நகல் எடுப்பவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கீழச்சு அசையாமல் பதிந்திருக்கும். அதன்மேல் வில்லை, அதாவது முத்திரை விழாத வட்டத் தகடு. வில்லையின்மேல் மேலச்சை ஒருவர் பிடித்திருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். படத்தில் மேலச்சு சிறு கட்டை போலத் தெரிவதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அப்போது சம்மட்டி நேராக நாணயத்தின்மேல் விழுவது போலாகி, காட்சியே பொய்யாகிவிடும். ஒரே வரியில் முடிகிற சின்னப் பொருள்தான், ஆனால் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அடி நேராக வாங்குவதால் மேலச்சின் தலை நசுங்கி விரிந்திருக்கும். அந்த விளிம்பில் மட்டும் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். எஃகு என்று உடனே தெரியும்.

வில்லையைச் சிவக்கப் பழுத்ததாகத் தீட்ட வேண்டாம். தங்கமும் வெள்ளியும் காய்ச்சி இளக்கினால் ஆறிய பிறகும் அச்சு ஏற்கும். நெருப்பின் நிறம் உலைக்கு மட்டும் போதும். வெள்ளி 962 டிகிரியிலும் தங்கம் 1064 டிகிரியிலும் உருகும். அந்தச் சூட்டில் மூசையின் (உலோகம் உருக்கும் கிண்ணத்தின்) வாய் மஞ்சள் கலந்த ஆரஞ்சாகத்தான் ஒளிரும், வெண்மையாக அல்ல. துருத்தி மூக்கு கரியைத் தொடும் இடத்தை அதிக வெளிச்சமாக வைத்து, விலக விலகச் சிவப்பையும் கறுப்பையும் கூட்டுங்கள்.

பெரிதாக்குவதற்குக் கட்டம் போடும் முறையே நல்லது. நகலில் 1 செ.மீ., உங்கள் தாளில் 3 செ.மீ. நகலில் 4 செ.மீ. இருக்கும் ஆள் 12 செ.மீ. ஆவார். இந்த அளவில் அக்பரின் வெள்ளி ரூபாய் எவ்வளவு இருக்கும்? ரூபாய் ஏறக்குறைய 22 மி.மீ. விட்டமும் பதினோரு கிராமுக்குச் சற்று மேல் எடையும் கொண்டது. மனிதருக்கு 165 செ.மீ. உயரம் வைத்தால், தாளில் நாணயம் ஒன்றரை மி.மீ.க்குச் சற்று மேல்தான் வரும். அதற்குள் எழுத்து எழுத முயலாதீர்கள்; ஒரு புள்ளியும் ஓரத்தில் ஒரு நிழலும் போதும். கோட்டை மூன்று மடங்கு தடிப்பாக்கவும் கூடாது. 0 எண் தூரிகையால் அதே மெல்லிய கோடாகவே இழுங்கள்.

துணிக்கும் தலைப்பாகைக்கும் மூலத்தில் ஆதாரம் இல்லை. காவி, நீலம், வெண்மை ஆகிய மூன்றுக்குள் நின்றுகொள்வது என் விருப்பம். இவை நாம் சேர்த்தவை என்று அடிக்குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் செம்மண்ணையே காவியாகப் பயன்படுத்தலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: தாராளமாக. ஒரு படி மண்ணை ஒரு குடம் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே இருக்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி இதையே மூன்று முறை செய்யுங்கள். பிறகு இரவு முழுவதும் தெளியவிட்டு, நீரை வடித்து, வண்டலை நிழலில் உலர்த்தி அம்மியில் மையாக அரையுங்கள். களிமண் கலந்திருப்பதால் கடைக் காவியைவிட மங்கலாகத்தான் வரும். தரைக்கும் சுவருக்கும் அதுவே பொருத்தம்.

பிசினின் அளவுதான் சிக்கல். எடையில் ஒரு பங்கு வேலம்பிசினை இரண்டு பங்கு நீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். சிறு பட்டையாகப் பூசிக் காயவைத்து விரலால் தேயுங்கள். விரலில் நிறம் ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளத்து வெடித்தால் அதிகம். சித்திரை வைகாசி வெயிலில் கிண்ணத்திலேயே நீர் வற்றிப் பிசின் கெட்டிப்படும். அதனால் மதியம் கலந்ததை மாலையில் அப்படியே பூசாமல், நீர் விட்டு மீண்டும் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: நாணயங்களுக்குப் பூசிய தங்க நிறம் சில மாதங்களில் பச்சையாகக் கறுத்துவிட்டது. ஏன்?
– கல்லூரி மாணவி, ஓசூர்

பதில்: மலிவான தங்கப் பொடியில் இருப்பது பித்தளை. அதிலுள்ள செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து கறுக்கும். அபிரகப் (மைக்கா) பொடியில் செய்த தங்க நிறம் கறுக்காது. செலவு செய்ய முடிந்தால் தங்கத் தாளைத் தேன் விட்டுத் தட்டில் விரலால் அரைத்து, தேன் போகும்வரை நீரில் கழுவி, அடியில் தங்கியதைப் பிசினோடு குழைத்துப் பூசுங்கள். அடியில் முதலில் மஞ்சள் காவி இருக்கட்டும். தங்கம் குறைவாகச் செலவாகும். நன்றாக உலர்ந்தபின் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். ஈரத்தில் தேய்த்தால் உரிந்துவிடும்.

கேள்வி: வண்ணம் பூசியதும் தாள் சுருண்டுகொள்கிறது.
– வாசகர், அரூர்

பதில்: ஒற்றைத் தாள் தாங்காது. கைத்தாள் மூன்று நான்கை மைதாப் பசையால் ஒட்டி, பலகைக்கு அடியில் வைத்து, பலகையின்மேல் பாரம் ஏற்றி உலர்த்துங்கள். பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் பூச்சி அண்டாது. அது நஞ்சு, பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். உலர்ந்த தாளைக் கல்லால் இருபுறமும் தேய்த்த பிறகு வரையத் தொடங்குங்கள். முதல் பூச்சை மிக நீர்த்ததாகப் பூசி, அது உலர்ந்தபின் படத்தைக் கவிழ்த்துப் பின்பக்கம் மெல்லத் தேய்த்தால் அடுத்த பூச்சு சீராக உட்காரும்.

கேள்வி: பிரதி என்று எங்கே குறிப்பிட வேண்டும்?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: பின்பக்கம், அழியாத மையில்: மூலத்தின் பெயர், பெரிதாக்கிய அளவு, வரைந்தவர் பெயர், ஆண்டு. சட்டம் போட்டால் பின்புறம் மறைந்துவிடும் என்பதால் முன்பக்கக் கீழ் ஓரத்திலும் ‘கைப்பிரதி’ என்று சிறியதாக எழுதுங்கள்.