சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லையென்றால்

புளியரை வீட்டில் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டப் பெட்டியைத் திறந்தால் பேஸும் (கரண்ட் வரும் வயர்) லைட்டுக்குப் போகும் வயரும் என இரண்டே வயர்; ஸ்மார்ட் சுவிட்ச் இயங்கத் தேவையான நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) இல்லை, எர்த்தை (மண்ணோடு இணைத்த பாதுகாப்பு வயர்) நியூட்ரலாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. எர்த் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும்.

அதே போர்டில் பிளக் பாயிண்ட் இருந்தால் அதன் கருப்பு வயர்தான் பெரும்பாலும் நியூட்ரல். மல்டிமீட்டரில் பேஸுக்கும் அதற்கும் 230 வோல்ட் காட்டணும். ஆனால் லைட் இன்வெர்ட்டர் லைனிலும் பிளக் மெயின் லைனிலும் இருந்தால் அதை எடுக்காதீர்கள், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) ட்ரிப் ஆகும். அப்போது சீலிங் ரோஸிலிருந்து (கூரையில் லைட் வயர்கள் இணையும் வட்ட மூடி) பழைய பைப் வழியாகவே 1 சதுர மி.மீ. கருப்பு வயர் இழுங்கள்.

பைப் அடைத்திருந்தால் மட்டும் நியூட்ரல் கேட்காத ஸ்மார்ட் சுவிட்ச் மாடல் வாங்குங்கள். அதில் சின்ன எல்இடி பல்பு அணைத்தாலும் மினுக்கும்; அதைத் தடுக்கும் பைபாஸ் கப்பாசிட்டரை சுவிட்சில் அல்ல, பல்புக்கு இணையாக மாட்டணும்.

வேலைக்கு முன் மெயினோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள்.