வருடத்துக்கு ஓர் அணி: தொழிலா, அலைச்சலா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. ஓஎச்எல் எனப்படும் ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில், அதாவது இளையோருக்கான ஐஸ் ஹொக்கி லீக்கில், நான்கு பருவம் சென்டராக (நடு முன்னணி ஆட்டக்காரராக) ஆடி முடித்துவிட்டான். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்எச்எல்லின் அணி எதுவும் அவனைத் தெரிவு செய்யவில்லை. அமெரிக்காவின் ஈசிஎச்எல் (என்எச்எல்லுக்கு இரண்டு படி கீழான தொழில்முறை லீக்) அணி ஒன்று பயிற்சி முகாமுக்கு அழைத்திருக்கிறது. ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீக்கில் இடம் எடுத்துத் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். விசாரித்தால், இப்படிப் போனவர்கள் பலரும் வருடத்துக்கு ஓர் ஊர், ஓர் அணி என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இது ஒரு தொழிலா, வெறும் அலைச்சலா? படிப்பை விட்டுவிட்டுப் போக விடலாமா?
— ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: ஏஜென்டுக்கு மறுமொழி சொல்வதற்கு முன் ஒரு கடதாசியைத் தேடி எடுங்கள், சகோதரி. ஓஎச்எல் அணியில் சேர்ந்தபோது மகன் கையெழுத்திட்ட உடன்படிக்கை அது. அதில் படிப்புதவி பற்றி ஒரு பகுதி இருக்கும். ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுப் பல்கலைக்கழகக் கட்டணம் என்பதே வழமை. நான்கு பருவம் ஆடியவருக்கு ஒரு பட்டப்படிப்பு முழுவதற்கும் கட்டணம் கிடைக்கிறது. ஆனால் இந்த உதவிக்குக் காலக்கெடு உண்டு. சில வகைத் தொழில்முறை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டால் அது பறிபோகும். எந்த லீக்கின் ஒப்பந்தம் அதை ரத்தாக்கும், எந்தத் தேதிக்குள் வகுப்பில் சேர வேண்டும் என்ற இரண்டையும் அணி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று யாரும் தொலைபேசியில் சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி. இது தொழில்தான். மைக் சிலிஞ்சர் என்ற சென்டரைப் பாருங்கள். என்எச்எல் லீக்கில் 12 அணிகளுக்கு ஆடினார், 9 தடவை பரிமாற்றப்பட்டார். தோற்றுப்போனவரின் கணக்குப்போலத் தெரியும். ஆனால் அவர் அங்கே ஆடிய ஆட்டங்கள் 1,049. வேண்டாதவரை 12 அணிகள் கேட்டு வாங்காது.

அணி மாறுவது பெரும்பாலும் ஆட்டக்காரரின் குறையால் நடப்பதில்லை. என்எச்எல் அணியில் ஒரு சென்டருக்கு முழங்கால் காயம் என்றால், அதற்குக் கீழுள்ள ஏஎச்எல் அணியிலிருந்து ஒருவர் மேலே போவார். அந்த வெற்றிடத்துக்கு ஈசிஎச்எல்லிலிருந்து ஒருவரை அழைப்பார்கள், பெரும்பாலும் 25 ஆட்டங்கள் வரையான தற்காலிக ஒப்பந்தத்தில். ஈசிஎச்எல் அணி வெளியிலிருந்து இன்னொருவரைப் பிடிக்கும். காயம் ஆறியதும் எல்லாரும் ஒவ்வொரு படி கீழே இறங்க, கடைசியாக வந்தவருக்கு இடமில்லாமல் போகும். அவர் நன்றாக ஆடியிருந்தாலும் இதே கதிதான். மகன் இதை முன்கூட்டியே விளங்கிக்கொண்டால் மனம் உடையமாட்டார்.

இந்தச் சங்கிலியில் நிலைப்பவர்கள் யார்? "எல்லாம் ஓரளவு செய்வேன்" என்பவர்கள் அல்ல, பயிற்றுநர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கக்கூடிய ஒரு வேலை தெரிந்தவர்கள். மிசிசாகாவில் பிறந்த, இந்தியத் தந்தையின் மகனான மேனி மல்ஹோத்ரா இதற்கு நல்ல சாட்சி. 7 என்எச்எல் அணிகள், 991 ஆட்டங்கள். அவரை ஒவ்வோர் அணியும் எடுத்தது ஃபேஸ்-ஓஃப் (நடுவர் போடும் பக் எனும் ரப்பர் வட்டுக்காக இரு சென்டர்கள் மோதும் ஆட்டத் தொடக்கம்) வெல்லவும், ஓர் ஆள் குறைவாக நிற்கும் பெனால்டி நேரத்தைக் காக்கவும். 2011இல் கண்ணில் கடுங்காயம். 2013இல் அதே 25 ஆட்டத் தற்காலிக ஒப்பந்தத்தில் ஏஎச்எல்லின் சார்லட் அணிக்குப் போய், சில வாரங்களிலேயே கரோலைனா அணி வழியாக என்எச்எல்லுக்குத் திரும்பினார். பின்னர் பயிற்றுநராகி, 2025இல் அபொட்ஸ்ஃபோர்ட் அணிக்கு ஏஎச்எல் கிண்ணத்தை வென்று கொடுத்தார். உங்கள் மகனும் சென்டர் என்பதால் சொல்கிறோம்: அவரது ஃபேஸ்-ஓஃப் வெற்றி வீதம் என்ன, குறிப்பாகத் தன் பக்க வட்டங்களில் எவ்வளவு என்று கேளுங்கள். அங்கே தற்காக்கும் அணியின் சென்டர்தான் மட்டையை முதலில் பனியில் வைக்க வேண்டும். அந்தப் பாதகத்தோடும் பாதிக்கு மேல் வெல்பவருக்கு எந்த லீக்கிலும் வேலை இருக்கும்.

ஜெர்மனி விடயத்தில் நாங்கள் தயங்குகிறோம். அங்கே இரண்டாம் நிலை லீக்கில் ஓர் ஆட்டத்தில் 4 வெளிநாட்டவர் மட்டுமே இறங்கலாம். அந்த நான்கு இடங்களையும் கோல் அடிப்பதற்கென்றே வைத்திருப்பார்கள். ஏஎச்எல்லிலோ ஈசிஎச்எல்லிலோ புள்ளிக் கணக்கோடு வரும் 25, 26 வயதுக்காரருக்கு அவை போகும். பெனால்டி காக்க உள்ளூர்ப் பையன்கள் இருக்கிறார்கள். 20 வயதில் போகிறவர் நவம்பருக்குள் கோல் அடிக்காவிட்டால், கிறிஸ்மஸுக்கு முன் இன்னொருவரை இறக்கிவிடுவார்கள். ஆடுகளத்தின் சிக்கலும் உண்டு. இங்கே அகலம் 26 மீட்டர். ஐரோப்பாவில் 30 மீட்டர் அகலமான அரங்குகள் இன்னும் பல. பலகையோரத்திலிருந்து அடிக்கும் வட்டு அங்கே கோல்காப்பாளருக்குச் சும்மா கிடைக்கும் பிடி. பழகச் சில மாதமாகும், அந்த அவகாசத்தை வெளிநாட்டவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

ஈசிஎச்எல் அழைப்பு நேர்மையானதுதான், ஆனால் முகாமுக்கான அழைப்பு ஒப்பந்தம் ஆகாது. தேறினாலும் சம்பளம் வாரக்கணக்கில், பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். தங்குமிடத்தை அணி தரும். 72 ஆட்டங்கள், வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று இரவு தொடர்ந்து ஆடி, இடையில் பேருந்தில் தூங்குவது வழக்கம். கோடையில் வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

ஆகவே எங்கள் யோசனை: இப்போது பல்கலைக்கழகம். இது ஹொக்கியை விடுவது ஆகாது. கனடாப் பல்கலைக்கழக அணிகளில் பெரும்பாலும் மகனைப்போல ஜூனியர் லீக் முடித்தவர்களே ஆடுகிறார்கள். தரம் எவ்வளவு என்றால், 2023-24இல் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகம் 43 ஆட்டங்களில் 43ஐயும் வென்றதை இன்றும் பேசுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு ஆட்டம்தான் என்பதால் உடலைக் கட்டவும் நேரம் கிடைக்கும். 2025 ஓகஸ்ட் 1 முதல் ஓஎச்எல்லில் ஆடியவர்களுக்கு என்சிஏஏ எனும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல்நிலைக் கல்லூரிகளும் திறந்துவிட்டன. ஆனால் அவருக்கு எத்தனை ஆண்டு ஆடத் தகுதி மிஞ்சும் என்பதைக் கல்லூரியிடம் கேட்டபின்தான் முடிவெடுக்க வேண்டும். 24 வயதில் பட்டத்தோடு வெளியே வரும் சென்டருக்கு இதே ஈசிஎச்எல்லும் ஐரோப்பாவும் காத்திருக்கும்.

அவர் போகும் நாளில் இவற்றைச் சரிபாருங்கள். கனடாக் குடியுரிமையாளர் அமெரிக்கத் தூதரகத்தில் விசா முத்திரை பெறத் தேவையில்லை. ஆனால் அணி எடுத்துக் கொடுக்கும் பி-1 (P-1, விளையாட்டு வீரர்களுக்கானது) அனுமதிக் கடிதம் இல்லாமல் எல்லைக்குப் போகக்கூடாது. ஐரோப்பாவுக்கு என்றால் சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனத்தின் மாற்ற அட்டை வர வேண்டும்; அது வரும்வரை லீக் ஆட்டத்தில் இறங்க முடியாது. ஐரோப்பிய ஒப்பந்தங்களில் சம்பளத்தை வரி போக நிகரத் தொகையாக எழுதுவார்கள். அப்போது வரியைக் கட்டுவது கழகம் என்ற வாசகமும், கட்டியதற்கான சான்று தரப்படும் என்ற வாசகமும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கனடா வருமானவரித் திணைக்களம் கேட்கும்போது மகன் வெறுங்கையோடு நிற்பார். காயம்பட்டால் சம்பளம் எவ்வளவு காலம் தொடரும், சத்திரசிகிச்சை எந்த நாட்டில், வீட்டிலிருந்து எத்தனை நாளில் வெளியேற வேண்டும் என்பவையும் எழுத்தில் வேண்டும். ஒன்ராறியோ சுகாதாரக் காப்புக்கு 12 மாதத்தில் 153 நாள் மாகாணத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குத் தனிச் சலுகை உண்டு, போகுமுன்னே விண்ணப்பியுங்கள்.

சின்ன விடயம் ஒன்று, பலர் தவறவிடுவது: ஸ்கேட் அலகின் அடியில் தீட்டும் குழிவின் ஆரை. அது சிறிதானால் கூர்மை கூடும். குளிர்ந்த கடினப் பனியில் அரை அங்குலம் நன்றாகப் பிடிக்கும். தெற்கு மாநிலங்களின் மென்பனியில் அதே கூர்மை அமிழ்ந்து காலை இழுக்கும். 5/8 அங்குலம் அங்கே பொருந்தும். இரண்டு சோடி அலகு வைத்திருப்பவர் புதிய ஊரில் முதல் பயிற்சியை வீணாக்கமாட்டார்.

ஈசிஎச்எல் அணிக்கு மகனே மரியாதையாக ஒரு மறுமொழி எழுதட்டும்: படிக்கப் போகிறேன், அழைத்ததற்கு நன்றி, பல்கலைக்கழகப் பருவம் முடியும் மார்ச்சில் சென்டர் தேவைப்பட்டால் நினைவில் வைத்திருங்கள் என்று. பல்கலைக்கழகத்தின் கடைசி ஆண்டு மார்ச்சில் அப்படி ஆள் தேடும் அணிகள் நிறைய. பயிற்றுநரின் இலக்கத்தை அவர் அழிக்காமல் வைத்திருக்கட்டும்.