வாட்ச் செய்யத்தான் படிப்பேன் என்று மகள் அடம்பிடிக்கிறாளா?

அம்மா, "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு வாட்ச் ரிப்பேர் பார்க்கப் போகிறாளே" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவள் ஆசைப்படுகிற வேலைக்கு வாசலே ரிப்பேர்தான். ஒருவர் கேட்டபடி மெக்கானிக்கல் வாட்ச், அதாவது பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கால் ஓடும் வாட்ச், வடிவமைத்துக் கொடுக்கும் கலைஞர்களில் பலர், அதற்கு முன் பிறர் செய்த வாட்சுகளைக் கழற்றி, கழுவி, எண்ணெய் விட்டு வருடக்கணக்கில் பழகியவர்கள்.

அவள் வரைந்த டயல் படங்களைப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது. ஆனால் படத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். டயலுக்குக் கீழே, வாட்சின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். பல வாட்சுகளில் மணிக்கு 28,800 முறை, அதாவது நொடிக்கு எட்டு. அதைத் தாங்கும் அச்சின் முனை கிட்டத்தட்ட தலைமுடிப் பருமன். அதைச் சுற்றியுள்ள தகடுகளின் ஓரங்களைச் சாய்வாகச் சீவி மெருகேற்றுவார்கள். இரண்டு சாய்வுகள் உள்பக்கமாகச் சந்திக்கும் கூர்மூலையை மெஷின் சுத்தமாக எடுத்துத் தராது. அரமும் மரக்குச்சியும் வைரப் பசையும் கொண்டு கையால்தான் எடுக்க வேண்டும். விலை உயர்ந்த வாட்ச் என்பதன் பாதி அர்த்தம் இந்த மூலையில் இருக்கிறது. ஒரு மூலைக்கே பொழுது போய்விடும். கை சறுக்கினால் அந்தத் தகடு வீண்.

பிரிட்டனில் ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர், தானே செய்த ஒரு பாக்கெட் வாட்சை வாட்ச் மேதை ஜார்ஜ் டேனியல்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். அது கையால் செய்தது என்று தெரிகிறது, அப்படித் தெரியக் கூடாது என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்மித் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பாகங்களைத் திரும்பத் திரும்பச் செய்து, இரண்டாவதை முடிக்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. அதைப் பார்த்த பிறகுதான் டேனியல்ஸ் அவரை ஏற்றுக்கொண்டார். உங்கள் மகளிடம் நான் தேடுவது அந்த இரண்டாவது வாட்சுக்கான பொறுமையை.

படிப்புக்கு வழி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் நியூஷாடெலில் 1966 முதல் நடக்கும் வோஸ்டெப் என்ற வாட்ச் தொழில் பயிற்சி, பிரிட்டனின் பர்மிங்காமில் பட்டப்படிப்பு என்று இடங்கள் உண்டு. எங்கே படித்தாலும், முதலில் சோறு போடுவது சர்வீஸ் வேலைதான்; தன் பெயரில் வாட்ச் செய்வது அதற்கு வெகு நாள் கழித்து. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்தபோது இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், அதையும் மறைக்கவில்லை. இன்று ஓடும் மெக்கானிக்கல் வாட்சுகளுக்கு சில வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் தேவை என்பதால் கைதேர்ந்தவருக்கு வேலை கிடைக்கிறது.

இப்போதைக்குக் கட்டணம் எதுவும் கட்ட வேண்டாம். பழைய யூனிடாஸ் 6497 இன்ஜின் ஒன்று, அதாவது வாட்சுக்குள் ஓடும் இயந்திரம் மட்டும், வாங்கிக் கொடுங்கள். 36.6 மில்லிமீட்டர் அகலம், சாவி கொடுத்து ஓடுவது; பயிற்சிப் பள்ளிகளிலும் இதைத்தான் பிரிக்கச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அவளே பிரித்து, அவளே பூட்டி, ஓட வைக்கட்டும். பிறகு மறுபடி முதலிலிருந்து. நடுவில் ஒரு ஸ்க்ரூ ட்வீசரிலிருந்து தெறித்து எங்கோ போய் விழும். அன்று அவள் எவ்வளவு நேரம் தரையில் தேடினாள், கிடைத்த பிறகு திரும்ப வந்து உட்கார்ந்தாளா என்பதை எனக்கு எழுதுங்கள்.