துணி காயாத ஊரில் வாஷிங் மெஷின் ஆடம்பரமா?

*இந்த முறை இலங்கை மலையகத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி சிக்கனத்தைப் பற்றியவை, மீதி களைப்பைப் பற்றியவை. இரண்டும் ஒரே கடிதமாக வந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.*

கேள்வி: தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் புடைவைக் கடையில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். இரண்டு பிள்ளைகள், மாமியார், நான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துணி துவைப்பதிலேயே போகிறது. டவுனில் ஒரு கடையில் வாஷிங் மெஷின் 120,000 ரூபா. 20,000 கட்டினால் மீதியை மாதம் 10,500 வீதம் 12 மாதத்தில் கட்டலாம், வட்டி 26 வீதம்தான் என்கிறார்கள். "கை கால் நல்லா இருக்கையில மெஷின் எதுக்கு?" என்கிறார் மாமியார். எனக்கும் குற்ற உணர்வாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள். ஆனால் அந்த மெஷின் வேண்டாம், அந்தத் தவணையும் வேண்டாம்.

முதலில் தவணை. நீங்கள் கடன்படுவது 100,000 ரூபா. திருப்பிக் கட்டுவது 126,000. கூடுதல் 26,000 என்பதால் 26 வீதம் என்று கடைக்காரர் சொல்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு லட்சம் வருடம் முழுவதும் உங்கள் கையில் இருப்பதில்லையே. முதல் மாதமே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். ஆறாம் மாதம் வரும்போது கிட்டத்தட்ட பாதிக் கடன் தீர்ந்திருக்கும், வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் சேர்த்தே போட்டிருக்கும். மாதாமாதம் குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் மாதம் 3.75 வீதம், வருடத்துக்கு 45 வீதம் வருகிறது. "வட்டி எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "காசுக்கு எடுத்தால் எவ்வளவு, கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு?" என்று இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது மெஷின். 120,000 ரூபா என்றால் அது எல்லாம் தானாகச் செய்யும் மெஷினாக இருக்க வேண்டும். அதற்குக் குழாயில் நல்ல வேகத்தில் தண்ணீர் வர வேண்டும். பீலியில் வடியும் ஊற்றுத் தண்ணீரைத் தாங்கியில் நிரப்பிப் பாவிக்கும் வீடுகளில் அது பாதியில் நின்று முறைத்துக்கொண்டிருக்கும். இரண்டு தொட்டி உள்ள மெஷினைப் பாருங்கள், ஒன்றில் துவைக்கும், மற்றதில் பிழியும். வாளியால் தண்ணீர் ஊற்றினாலும் வேலை செய்யும். விலையும் நன்றாகக் குறைவு. பிழியும் தொட்டிதான் நம் ஊருக்கு முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தலவாக்கலைப் பக்கம் மழை விடுவதில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையால் பிழிந்த துணி மூன்று நாள் இஸ்தோப்பில் தொங்கும், பூஞ்சண வாடை வரும், மறுபடி துவைக்க வேண்டும். என் பாடசாலைக் காலத்து வெள்ளைச் சட்டை அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்து, வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவனுக்கும் சேர்த்துப் புகை வாடை அடித்தது. மெஷின் பிழிந்த துணியில் சொட்டு நீர் இருக்காது. வீட்டுக்குள் கட்டினாலும் அநேகமாக மறுநாள் எடுத்துவிடலாம். மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம், வாரம் ஒருமுறை ஓட்டினால் மாதம் இரண்டு யூனிட்டுக்கு மேல் போகாது.

அந்த மாதிரி மெஷின் 60,000 ரூபாவுக்கு அமைந்தது என்று வைத்துக்கொள்வோம். 20,000 உங்களிடம் இருக்கிறது. கடைக்குக் கட்ட நினைத்த 10,500 ரூபாவை நான்கு மாதம் உங்கள் வங்கிப் புத்தகத்திலேயே போடுங்கள். 62,000 ஆகிவிடும். பாடசாலையில் ஆசிரியர்கள் சீட்டுப் பிடிக்கிறீர்கள் என்றால் முன்வரிசை எண்ணைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் சுலபம்.

வாங்குகிற அன்று மூன்று விஷயம். பழுது பார்க்கிறவர் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருக்கிறாரா, அல்லது மெஷினைக் கொழும்புக்குத் தூக்க வேண்டுமா? வாரண்டி அட்டையில் திகதியும் கடை முத்திரையும் இருக்கிறதா? மூன்றாவதுதான் பெரியது. லயத்து வீடுகளில் பழைய வயரிங். எர்த் இல்லாத ப்ளக்கில் ஈரக் கையோடு மெஷினைத் தொடக் கூடாது. மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த், மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இரண்டையும் பார்த்துவிட்டே இணைப்புக் கொடுங்கள்.

மாமியாரிடம் வாதம் வேண்டாம். முதல் வாரம் அவருடைய கம்பளியைப் பிழிந்து காட்டுங்கள், போதும். அப்புறம், மிச்சமாகும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு டியூஷன் வகுப்பைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆசிரியர்களுக்குக் கட்டாயம் தோன்றும். ஆறு மாதத்துக்காவது போடாதீர்கள்.

கேள்வி: நுவரெலியாவில் இருக்கிறோம். 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் கொழும்பில் இருக்கும் அக்கா வீட்டில் எங்களைவிட இரண்டு கிழமை கூடுதலாக ஓடுகிறது. அவர்களும் நாலு பேர், நாங்களும் நாலு பேர். சிலிண்டரில் நிறை குறைகிறதா? பிரஷர் குக்கர் வாங்கினால் காசு மிச்சமாகுமா?

பதில்: நிறை சந்தேகம் இருந்தால் வாங்கும் இடத்திலேயே தராசில் வைத்துப் பாருங்கள். வெறுஞ்சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், அதோடு 12.5ஐக் கூட்டினால் வர வேண்டிய எடை. ஆனால் எனக்கு அதைவிட உங்கள் ஊரின் உயரத்தின் மேல்தான் சந்தேகம்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் உங்கள் குசினியில் 94 பாகையளவில் கொதிக்கிறது. தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், கடலை மட்டும் கல்லாகவே இருக்கும். அடுப்பைக் கூட்டினாலும் பயனில்லை, தண்ணீர் சீக்கிரம் வற்றும், சூடு ஏறாது. அதோடு உங்கள் குழாய்த் தண்ணீர் பச்சைத் தண்ணீராக அல்ல, ஐஸ் தண்ணீராகத்தானே வருகிறது. அதைச் சூடேற்றவே அக்காவைவிடக் கூடுதலாகக் கேஸ் செலவாகும்.

குக்கருக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் சூடு 110 பாகைக்கு மேல் போகும். அதனால் கொழும்பில் வசதியாக இருக்கும் சாமான் மலையில் தேவையாகிவிடுகிறது. மைசூர்ப் பருப்புக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. கடலை, பயறு, போஞ்சி விதை, மாட்டிறைச்சி, ஆட்டு எலும்பு இவற்றில்தான் தெரியும். நாலு பேருக்கு 5 லீற்றர் போதும். வாங்குமுன் அதன் ரப்பர் வளையம் உங்கள் டவுன் கடையிலேயே தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள், கிடைக்காத குக்கர் இரண்டாம் வருடம் வெறும் பாத்திரம். முதல் விசில் வந்ததும் அடுப்பைக் குறையுங்கள். கடலையை முந்தின இரவே ஊறப் போடுவதற்குச் செலவே இல்லை.

கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சி) சும்மா கிடைக்கிறதே, விறகடுப்புக்கே போய்விடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மிலாறு சும்மா கிடைக்கிறது, சரி. அதைச் சுமந்து வருபவரின் முதுகும், புகையில் நிற்பவரின் நெஞ்சும் சும்மா கிடைத்தவையா? தண்ணீர் சுட வைக்க வெளியே ஒரு அடுப்பு இருக்கட்டும்.

கேள்வி: பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்துக் கடையில் சோப், பால்மா எல்லாவற்றிலும் பக்கெட்டில் போட்ட விலைக்கு மேல் பத்து, இருபது எடுக்கிறார்கள். கேட்டால் லொறிக் கூலி என்கிறார்கள். பாணும் சின்னதாக இருக்கிறது.

பதில்: பக்கெட்டில் அச்சிட்டிருப்பது ஆகக்கூடிய சில்லறை விலை. லொறிக் கூலி அதற்குள் அடக்கம், மேலே ஒரு ரூபா எடுத்தாலும் குற்றம். பில் கேட்டால் தந்தாக வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். எழுத்தில் முறைப்பாடு செய்வதானால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். இது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ளது. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும் என்று 2024இல் வர்த்தமானியில் போட்டார்கள்.

இது சட்டம். நடைமுறையில், பற்றுக் கொப்பியில் உங்கள் பெயர் இருக்கும்வரை வாய் திறக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் சம்பளத்தன்று அப்பா கொப்பியைத் தீர்ப்பார், மறுநாள் காலையே புதுப்பக்கம் தொடங்கும். விலை என்னவென்று யாரும் பார்த்ததில்லை. ஒரேயடியாகக் கொப்பியை மூட முடியாவிட்டால், சோப், பால்மா, தேயிலைத்தூள் போன்ற விலை அச்சிட்ட சாமானை மட்டும் காசுக்கு டவுனில் எடுங்கள். நாலைந்து வீடு சேர்ந்து ஒருவரை அனுப்பினால் பஸ் காசும் பங்காகும், எல்லோருடைய நாளும் பாழாகாது.

கேள்வி: ஹட்டனில் வீட்டிலிருந்தே நியூயோர்க் நிறுவனமொன்றுக்குக் கணினியில் வேலை செய்கிறேன். வேலை கிடைத்த பிறகு கரண்ட் பில் மூன்று மடங்காகிவிட்டது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்காக ஷவர் ஹீட்டர் போட்டேன், வேறு எதுவும் புதிதாக வாங்கவில்லை. லெப்டொப்தான் காரணம் என்கிறார் அப்பா. இரவு இரண்டு மணி வரை விளக்கும் எரிகிறது.

பதில்: உங்கள் கடிதத்திலேயே திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். 50 வொட் லெப்டொப் எட்டு மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு 0.4 யூனிட், மாதம் 12. ஒன்பது வொட் எல்.ஈ.டி. பல்பு ஆறு மணித்தியாலம் எரிந்தால் மாதம் இரண்டு யூனிட்டும் இல்லை. ஷவர் ஹீட்டர் 3500 வொட். ஒருவர் பத்து நிமிடம் நின்றால் 0.58 யூனிட். நாலு பேர், முப்பது நாள் என்றால் 70 யூனிட்!

அதைவிட மோசம், மின்கட்டணம் ஒரே சரிவாக ஏறுவதில்லை. மாதம் 60 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு ஒரு அட்டவணை. 61ஆவது யூனிட்டைத் தொட்டதும் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை, நிலைக்கட்டணமும் ஏறும். முன்பு 60க்குள் இருந்த வீடு இப்போது எங்கேயோ போயிருக்கும். ஹீட்டரைக் கழற்றச் சொல்லமாட்டேன், ஹட்டன் குளிரில் அம்மாவுக்கு அது வேண்டும். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வரட்டும். மீற்றரைப் பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இரண்டு மணி விஷயம். நமக்கு இரவு ஏழு மணி என்றால் நியூயோர்க்கில் காலை எட்டரை அல்லது ஒன்பதரை, அங்கே நேரத்தை மாற்றுவதைப் பொறுத்து. அவர்களோடு பேச வேண்டியதை ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் முடித்துக்கொண்டு, தனியாகச் செய்யும் வேலையைப் பகலுக்குத் தள்ளலாம் இல்லையா? இதைக் கேட்டால் வேலை போய்விடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அவர்களுக்கு இங்கே மணி என்னவென்றே தெரியாது.

கேள்வி: பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. காலை 7 முதல் இரவு 8 வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம், வாரம் ஆறு நாள். போயாவுக்கும் கடை திறக்கும். சம்பளம் 40,000. போதவில்லை. மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுத்து இரவில் டெலிவரி ஓடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் ஏற்கெனவே இரண்டாவது வேலை ஒன்று செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள், அதற்குச் சம்பளம்தான் வருவதில்லை. நாளுக்கு 12 மணித்தியாலம், ஆறு நாளுக்கு 72. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. அதன்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி, அதுவும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நீங்கள் 27 கொடுக்கிறீர்கள். வருடத்தில் 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் சமயோசித விடுமுறை, போயா சம்பளத்தோடு விடுமுறை. (தோட்டத்து மலை வேலைக்கு விதிகள் வேறு, அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இன்னொன்று. 40,000க்கு ஊழியர் சேமலாப நிதியாக உங்களிடமிருந்து 8 வீதம், 3,200 பிடிக்க வேண்டும். முதலாளி 12 வீதம், 4,800 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 1,200, அதுவும் முதலாளி காசு. மாதம் 9,200 உங்கள் பெயரில் சேர வேண்டும். சேர்கிறதா? அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள், கேட்பதற்குக் காசில்லை. ஒரு வரவும் இல்லை என்றால் முதலில் முதலாளியிடம் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். நேரே முறைப்பாட்டுக்குப் போவது சட்டப்படி சரிதான், ஆனால் சின்ன டவுனில் அடுத்த கடைக்கும் அதே முதலாளியின் மச்சான்தான் முதலாளி.

மோட்டார் சைக்கிள் கணக்கில் தவணையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். காப்புறுதி, வண்டிக்கு வருடாவருடம் எடுக்கும் வருமான வரிப்பத்திரம், டயர், பெற்றோல் எல்லாம் இருக்கிறது. தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கட்டியது கட்டியதுதான். அதற்கு மேல், பன்னிரண்டு மணித்தியாலம் சிமெந்து மூட்டை தூக்கிய கையோடு ஹப்புத்தளை வளைவுகளில் பனிமூட்டத்தில் இரவு பத்து மணிக்கு ஓட்டப்போகிறீர்கள். எட்டு மணிக்கு மூடும் கடை ஆறு மணிக்கு உங்களை விட்டால், அல்லது அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தால், வண்டி இல்லாமலே பாதிப் பிரச்சினை தீரும். உங்கள் கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதுவரை லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்.