தோள் தாங்கும் கேமரா: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள் அனுப்பியவை. ஓய்வுப் பணம் வந்துவிட்டது, நேரமும் இருக்கிறது, எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். வயதைக் காட்டி யாரையும் சின்ன கேமரா பக்கம் தள்ளும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் மெகாபிக்சலை மட்டும் பார்த்து, கிராமைப் பார்க்காமல் வாங்கியவர்களின் கேமராக்கள் பெரும்பாலும் பீரோவில்தான் இருக்கின்றன.

வயது 67. நிக்கான் டி90, 18-105 லென்ஸ், பழைய 50 எம்.எம். எஃப்/1.8டி வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் மாட்டினாலே தோள்பட்டை வலிக்கிறது. மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் பழைய லென்ஸ்கள் வீணா? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

டி90 வெளிவந்தது 2008இல். 12 மெகாபிக்சல்தான் என்றாலும் படத்தில் இன்றைக்கும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. எடைதான் உங்கள் தொல்லை. பேட்டரியோடு பாடி 700 கிராம், லென்ஸ் 420 கிராம். மிரர்லெஸ் வகையைச் சேர்ந்த, அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, நிக்கான் இசட்50 II பேட்டரியோடு 550 கிராம், அதற்கான 16-50 லென்ஸ் 135 கிராம். மாறினால் 400 கிராமுக்கு மேல் குறையும்.

லென்ஸ்கள் விஷயத்துக்கு வருவோம். பழைய நிக்கான் லென்ஸை மிரர்லெஸ்ஸில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் 18-105இல் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும், அதற்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. 50 எம்.எம். லென்ஸில் மோட்டார் கிடையாது. டி90இல் லென்ஸ் மாட்டும் மவுன்ட் விளிம்பில் திருப்புளி முனை மாதிரி ஒன்று தெரியுமே, அதுதான் இந்த லென்ஸைத் திருப்புகிறது. அடாப்டரில் அது இல்லாததால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 18-105க்காக மட்டும் அடாப்டர் வாங்காதீர்கள். அந்த லென்ஸையும் அடாப்டரையும் சேர்த்து மாட்டினால் மிச்சம் பிடித்த எடையெல்லாம் திரும்ப ஏறிவிடும்.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கம்பெனி கொடுத்த கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, தோளிலிருந்து குறுக்காக இடுப்புக்கு வரும் அகலப் பட்டை மாட்டி ஒரு மாதம் நடந்து பாருங்கள். சிலருக்கு இதிலேயே வலி அடங்கிவிடுகிறது.

வேடந்தாங்கலில் பறவைகள் எடுக்க ஆசை. 150-600 லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். வயது 64, முழங்கால் வலி உண்டு. – செங்கல்பட்டு

சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி சுமார் 1,930 கிராம். அதோடு பாடி, ட்ரைபாட், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்தால் என்னாகும் என்று உங்கள் முழங்காலிடம் கேளுங்கள். நான் சொல்வது கேனான் ஆர்10 பாடியும் ஆர்எஃப் 100-400 லென்ஸும். பாடி 429 கிராம், லென்ஸ் 635 கிராம், இரண்டும் சேர்ந்தே ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். சென்சார் சிறியது என்பதால் 400 எம்.எம். என்பது 640 எம்.எம். கோணத்தைத் தரும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 400இல் இதன் அப்பெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப்/8தான், சிறியது. விடியற்காலை மங்கலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) எகிறும், படத்தில் மணல்மணலாகத் தெரியும். வெயில் ஏறிய பிறகு இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை வரும். வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும் மரங்கள் ஏரித் தண்ணீருக்குள் நிற்கின்றன, நாம் நிற்பதோ கரையில். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் தண்ணீருக்கு மேல் காற்று அலையாட ஆரம்பித்தால் நத்தைக்குத்தி நாரையின் அலகில் இருக்கும் இடைவெளி கூடத் தெளிவாக விழாது. லட்ச ரூபாய் லென்ஸானாலும் அந்த நேரத்தில் அதே கதைதான். ஆகவே சூரியன் ஏறி ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் இரண்டு மணி நேரம்தான் உங்கள் பொழுது. ஷட்டர் வேகத்தை உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, பறக்கும் நாரைக்கு 1/1600 நொடி என்று வையுங்கள். ட்ரைபாட் வேண்டாம், ஒற்றைக் கால் மோனோபாட் போதும். நடக்கும்போது ஊன்றுகோலாகவும் ஆகும்.

நிக்கான் பி950 போன்ற சூப்பர்ஜூம் கேமரா வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 2000 எம்.எம். கோணம் வரை இழுக்கும்தான், ஆனால் சென்சார் மிகச் சிறியது. என்ன பறவை என்று அடையாளம் காணப் போதும், சுவரில் மாட்டப் போதாது.

எனக்கு வயது 61. கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு வியூஃபைண்டர் மங்கலாக இருக்கிறது. நான் எடுத்த பழைய படங்களெல்லாம் நீலமாகத் தெரிகின்றன. கேமரா கெட்டுவிட்டதா? – மதுரை வாசகி

கேமராவுக்கு ஒன்றுமில்லை அம்மா. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஓரத்தில் குட்டிச் சக்கரம் ஒன்று இருக்கும், அதுதான் டயாப்டர். டாக்டர் கடைசியாகக் கண்ணாடி எழுதிக் கொடுத்த பிறகு, லென்ஸை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி, உள்ளே தெரியும் ஷட்டர் வேக எண்கள் கூர்மையாகத் தெரியும் வரை சக்கரத்தைத் திருப்புங்கள். எதிரே இருக்கும் காட்சியைப் பார்த்துத் திருப்பினால் லென்ஸின் ஃபோகஸ் குழப்பும். கண்ணாடி போட்டுக்கொண்டு எடுப்பதா, கழற்றிவிட்டு எடுப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் சக்கரம் வெவ்வேறு இடத்தில் நிற்கும்.

நிறம் விஷயமும் கண்ணின் வேலைதான். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை வடிகட்டிக்கொண்டிருந்தது. அது போனதும் நீலம் கொட்டுகிறது. ஓவியர் க்ளோத் மோனேக்கு 1923இல் கண்புரை அறுவை நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் தீட்டியவற்றில் சிவப்பும் பழுப்பும் தூக்கலாக இருக்கும். நீங்கள் கம்ப்யூட்டரில் நிறம் திருத்தும் பழக்கம் உள்ளவரானால், சில மாதம் பழைய படங்களைத் தொடாதீர்கள். கண் பழகட்டும்.

அப்பா விட்டுப்போன ஜெனிட் கேமராவில் ஹீலியோஸ் 44-2 லென்ஸ் இருக்கிறது. டிஜிட்டலில் மாட்டலாமா? – நாகர்கோவில்

தாராளமாக. 58 எம்.எம். எஃப்/2, திருகி மாட்டும் எம்42 வகை. டி90 போன்ற நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மட்டும் வேண்டாம், கண்ணாடித் துண்டு வைத்த அடாப்டர் இல்லாவிட்டால் தூரத்துக் காட்சிக்கு ஃபோகஸ் எட்டாது. எந்த மிரர்லெஸ் ஆனாலும் சாதாரண உலோக வளையம் போதும், விலை அதிகமில்லை. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். பாடியில் கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் இருந்தால் 58 என்று நீங்களே எண்ணைப் பதிய வேண்டும், லென்ஸ் தன் பெயரைச் சொல்லாது.

முன்பக்கம் இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்றில் எஃப்/4 என்று வைத்துவிட்டு, மற்றதை முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, தட்டுப்படும் வரை மூடி எடுங்கள். எஃப்/2இல் இலைகள் நிறைந்த மரத்துக்கு முன்னால் ஆளை நிறுத்திப் பாருங்கள், பின்னணி ஆளைச் சுற்றிச் சுழலும். இதற்காகவே இந்த லென்ஸைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

ஃபுல்ஃபிரேம் இல்லாமல் போட்டிக்குப் படம் அனுப்ப முடியாதாமே? – சேலம்

யார் சொன்னது? 12க்கு 18 அங்குலப் பிரின்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 5400க்கு 3600 பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபுல்ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா 6000க்கு 4000 தருகிறது.

பேத்தியின் அரங்கேற்றம் வருகிறது. கை லேசாக நடுங்கும். ஸ்டெபிலைசர் உள்ள லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா? என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி மிரர்லெஸ். – மயிலாப்பூர்

உங்கள் கை ஆடுவதைத்தான் அது தடுக்கும், பேத்தி ஆடுவதைத் தடுக்காது. ஜதிக்கு 1/250க்குக் குறையக் கூடாது, குதித்தால் 1/500. அபிநயத்துக்கு 1/125 தாங்கும். இந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். மேடையிலிருந்து ஆறு மீட்டரில் உட்கார்ந்தால் 50 எம்.எம்., பத்து மீட்டர் என்றால் 85. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் கால் சலங்கையிலிருந்து தலை வரை அடங்கும். சத்தம் வரக் கூடாதென்று எலக்ட்ரானிக் ஷட்டர் போடுவதானால், மேடை விளக்கு எல்இடி என்றால் படத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழலாம். முந்தின நாள் ஒத்திகையில் நாலு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பழைய நிக்கான் டி750 ஒன்று லென்ஸோடு விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? – கோவை

இதன் ஷட்டருக்கு நிக்கான் சொல்லும் ஆயுள் 1,50,000 சொடுக்கு. இதுவரை எத்தனை ஆகியிருக்கிறது என்பது கேமராவிலிருந்து அப்படியே எடுத்த படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும். அதைவிட முக்கியம் லென்ஸ். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். லென்ஸைக் கழற்றி, அப்பெர்ச்சரைத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக டார்ச் அடியுங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் விட்டுவிட்டு வாருங்கள். சுத்தம் செய்தாலும் கோட்டிங்கில் அரித்த தடம் போகாது. வாங்கிய பிறகு தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி, முள் 40-50 சதவீதத்துக்குள் நின்றால் போதும்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கிருந்து வாங்கிவரச் சொல்லலாமா? – வேலூர்

லென்ஸ் என்றால் சரி, பாடி என்றால் யோசியுங்கள். அங்கே வாங்கிய பாடிக்கு இங்கே பெரும்பாலும் வாரன்டி செல்லாது. சுங்கத்தில் வரியில்லாமல் விடும் வரம்பு மாறிக்கொண்டே இருப்பதால், விமானம் ஏறுவதற்கு முன் அவரையே பார்த்துவிடச் சொல்லுங்கள். வரும் வழியில் ஜப்பானில் இறங்கி சோனி பாடி வாங்குவதாகச் சொன்னால் தடுத்துவிடுங்கள், அங்கே விற்கும் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும்.