குழுவே வாசித்தாலும் தனி ஆல்பம்தான்

கேள்வி: ஃபங்கடெலிக் என்ற அமெரிக்க ஃபங்க் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் எடி ஹேசல் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கேம், டேம்ஸ் அண்ட் கிட்டார் தாங்ஸ்’ ஆல்பத்தை அண்மையில் கேட்டேன். வாசித்தவர்களில் பெரும்பாலோர் அதே குழுவினர். தயாரிப்பிலும் குழுத் தலைவர் ஜார்ஜ் கிளின்டன் பங்கேற்றிருக்கிறார். இரண்டு பாடல்கள் பிறருடையவை. இதைத் தனி ஆல்பம் என்பது பொருந்துமா?

பதில்: முழுமையாகப் பொருந்தும் என்பதே என் கருத்து. ஃபங்க் இசையில் எவரும் தனித்து நிற்பதில்லை. தாளவட்டத்தின் முதல் அடியில் அனைவரும் கூடி அழுத்தம் கொடுப்பதும், எஞ்சிய இடைவெளிகளை ஆளுக்கொரு சிறு சொற்கட்டால் நிரப்புவதுமே அதன் அடிப்படை. ஃபங்க் இசையின் முன்னோடியான பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் இந்த ஒழுங்கைக் கற்ற பேஸ் கிட்டார் கலைஞர் பூட்ஸி காலின்ஸ், பின்னர் அதைக் கிளின்டனின் குழுவுக்குக் கொண்டுவந்தார். இந்த அமைப்பில் கிட்டாருக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் தாளக் கருவியின் வேலைதான். கம்பியை அமுக்கி, ஒலியை உடனுக்குடன் நிறுத்தி, குறுகிய வெட்டுகளாக வாசிக்க வேண்டும். ஆகவே, உடன் வாசித்தவர்கள் யார் என்பதைவிட, பாடகருக்குரிய இடம் யாருக்குக் கிடைத்தது என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

‘கலிஃபோர்னியா ட்ரீமின்’ பாடலைக் கேளுங்கள். 1965இல் தி மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ் குழு வெளியிட்ட அப்பாடலின் உயிர், நால்வரின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுவதில் இருந்தது. ஹேசலின் ஆல்பத்திலும் குரல்கள் உண்டு. ஆனால் மெட்டின் ஏக்கத்தைச் சுமப்பது கிட்டார்தான். வரி முடியும் இடத்தில் அது ஒரு சுரத்தை வளைத்து நீட்டும்போது, பாடகர் மூச்சை அடக்கிப் பாடுவதைப் போன்றே ஒலிக்கிறது. பீட்டில்ஸ் 1969இல் தந்த ‘ஐ வான்ட் யூ’ பாடலையும் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் விரித்து, தமக்கான வெளியாக்கிக்கொள்கிறார். பிறர் பாடல் என்பதால் அவருடைய முத்திரை இம்மியும் குறையவில்லை.

1971இல் வெளிவந்த ஃபங்கடெலிக்கின் ‘மேகட் பிரெய்ன்’ பதிவோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். தாய் இறந்துவிட்ட செய்தியைக் கேட்டவனைப் போல வாசிக்கும்படி கிளின்டன் ஹேசலிடம் சொன்னதாகக் கூறப்படும் அந்தப் பத்து நிமிடப் பதிவில், பிற கருவிகளின் ஒலி ஏறக்குறைய முழுவதும் ஒலிக்கலவையின்போது குறைக்கப்பட்டது. குழுவின் பெயரில் வந்த அந்தப் பதிவில் ஹேசல் தனியாக இருக்கிறார். தம் பெயரில் வந்த ஆல்பத்தில் தோழர்கள் சூழ இருக்கிறார். எவரையும் அகற்றாமல், பூட்ஸியின் பேஸும் பெர்னி வொர்ரலின் கீபோர்டும் முழு வலிமையோடு இயங்கும்போதே தம் குரலைக் கேட்கச் செய்வது எனக்குக் கடினமான சாதனையாகப் படுகிறது. முந்தைய பதிவுக்கே புகழ் முழுவதும் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: இதன் பிறகு அவர் ஏன் அதிகம் பேசப்படவில்லை?

பதில்: இந்த ஆல்பத்துக்கு முன்பே, 1974இல் அவர் சிறைத் தண்டனை பெற்றபோது குழுவின் முதன்மைக் கிட்டார் இடம் இளைஞரான மைக்கேல் ஹாம்ப்டனுக்குச் சென்றது. வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட இந்த ஆல்பமும் பரவலாகச் சென்றடையாமல், நெடுங்காலம் கடைகளில் கிடைக்காத அரிய இசைத்தட்டாகவே இருந்தது. ஹேசல் 1992இல், 42ஆம் வயதில் காலமானார். வாழ்ந்த காலத்தில் அவர் பெயரில் வந்த முழு ஆல்பம் இது ஒன்றே. 2004இல் ரைனோ நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் மறுவெளியீடு செய்த பின்னரே புதிய தலைமுறையினர் இதை எளிதில் கேட்க முடிந்தது. கேட்கத் தொடங்குவோர், பூட்ஸியின் 1976 ஆல்பத்தில் உள்ள ‘ஃபிசிக்கல் லவ்’ பாடலை முதலில் கேட்டுவிட்டு, அதே பாடலை ஹேசலின் கைவண்ணத்தில் கேட்டால், குழுவின் பாடல் ஒரு கிட்டார் கலைஞரின் சொந்தக் கூற்றாக மாறும் விதத்தை நேரடியாக உணரலாம்.