கட்டாய வாகன சோதனை கார் வச்சிருக்கவங்களுக்கு ஏன் இவ்ளோ எரிச்சலா இருக்கு? அது உண்மையிலேயே தேவையா?

தேவைதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. என் பிரேக் பிடிக்கலன்னா அடிபடப் போறது நான் மட்டும் இல்ல, ரோட்ட கிராஸ் பண்ற யாரோ ஒருத்தரும்தான். பிரிட்டன்ல 1960ல இந்த சோதனைய ஆரம்பிச்சப்ப பத்து வருஷம் ஆன வண்டிகளுக்கு மட்டும்தான் கட்டாயம், ஆனா ஃபெயில் ஆன வண்டிங்க அவ்ளோ அதிகமா இருந்ததால அடுத்த வருஷக் கடைசிலயே அத ஏழு வருஷம்னு குறைச்சாங்க, 1967ல மூணு வருஷம்னு ஆக்கிட்டாங்க. யாரும் பாக்கலன்னா வண்டிங்க எந்த நிலைமைல ஓடும்னு இத வச்சே தெரிஞ்சுக்கலாம்.

அப்ப எரிச்சல் எதுலன்னு கேட்டா, லீவு போட்டுட்டு போய் வரிசைல நிக்கறது, வண்டிய திரும்ப ஒரு தடவ கொண்டு வரச் சொல்றது, இதெல்லாம் இருக்கு, ஆனா எனக்கு அதுங்க ரெண்டாவதுதான். முக்கியமான விஷயம், மெஷின் அவ்ளோ அளந்துட்டு நம்ம கையில ஒரு பாஸ் இல்ல ஃபெயில் மட்டும் கொடுக்கறாங்க. எந்த வீல்ல, எவ்ளோ, வரம்பு என்ன, நாம அதுல இருந்து எவ்ளோ தள்ளி இருக்கோம், இதெல்லாம் கேட்டாதான் சொல்றாங்க, சில இடத்துல கேட்டாலும் சொல்றதில்ல.

பிரேக்கையே எடுத்துக்கங்க. ரோலர் மேல ஏத்தி, வீல சுத்த விட்டு, பிரேக் மிதிக்கறப்ப மெஷின் இடது வீலுக்கு தனியா வலது வீலுக்கு தனியா விசைய அளக்குது. ரெண்டுக்கும் வித்தியாசம் ஜாஸ்தியா இருந்தா அவசரத்துல மிதிக்கறப்ப வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிடும், அதனாலதான் அதுக்கு ஒரு வரம்பு வச்சிருக்காங்க, ரொம்ப சரியான வரம்பு. ஆனா ஸ்க்ரீன்ல தெரிஞ்ச அந்த நம்பர் சீட்டுல வராது, 'பின் பிரேக் குறைபாடு'ன்னு ஒரு வரிதான் வரும். அந்த வரிய மட்டும் எடுத்துட்டு ஒர்க்‌ஷாப் போனா வீலோட சுத்தற டிஸ்க், அத அழுத்தற பேட், பேட தள்ற காலிப்பர்னு மொத்தமா மாத்தச் சொல்லலாம், நம்மகிட்ட மறுத்துப் பேச ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் ஓட்டாம நிறுத்தி வச்ச வண்டியா இருந்தா டிஸ்க்ல மேலாக்க துரு ஏறியிருக்கும், காலியான ரோட்ல கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடிச்சு ஓட்டினாலே அது பெரும்பாலும் போயிடும். இது துருவா இல்ல காலிப்பர் நிஜமாவே சிக்கியிருக்கான்னு கண்டுபிடிக்க அந்த நம்பர் ரொம்ப உதவும்.

புகை டெஸ்ட்லயும் இதே கதைதான். பெட்ரோல் கார்ல புகைல இருக்கற விஷ வாயுவ குறைக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடாகறதுக்கு முன்னாடி சரியா வேலையே செய்யாது, வரிசைல எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ரொம்ப நேரம் நின்னா அது ஆறிடும், ஆறின வண்டிய அப்படியே குழாய சொருகி டெஸ்ட் பண்ணா நல்ல வண்டியும் மோசமா காட்டும். அனுபவம் உள்ள டெஸ்டரா இருந்தா எஞ்சின நல்லா சூடு பண்ணிட்டுதான் அளப்பார். அவசரத்துல இருக்கறவர் கிட்ட மாட்டினா கன்வெர்ட்டரே போச்சுன்னு முடிவாயிடும், அது காருல ரொம்ப விலை அதிகமான பார்ட்டுகள்ல ஒண்ணு.

என்னை நிஜமாவே கோபப்படுத்தினது ஓபிடி விஷயம், அதாவது காருக்குள்ளயே இருந்து கோளாற கண்டுபிடிக்கற கம்ப்யூட்டர் சிஸ்டம். அமெரிக்காவுல 1996ல இருந்து விக்கற எல்லா கார்லயும் ஓபிடி-2 கட்டாயம், இப்ப அநேகமா எல்லா நாட்டு கார்லயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு, புகை சம்பந்தப்பட்ட பாகத்த எல்லாம் காரே தன்னைத்தானே செக் பண்ணி 'ரெடி'ன்னு குறிச்சு வச்சுக்கும். பேட்டரிய கழட்டி மாட்டினாலோ கோளாறுக்குன்னு கார் பதிஞ்சு வச்ச ஃபால்ட் கோட அழிச்சாலோ இந்த ரெடி எல்லாம் அழிஞ்சு போய், திரும்பவும் குளிர்ந்த எஞ்சின்ல ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச தூரம் ஒரே வேகத்துல போய், கொஞ்சம் ஐடில்ல நின்னு, இப்படி எல்லாம் ஓட்டினாதான் ஒவ்வொண்ணா திரும்ப வரும். பெட்ரோல் ஆவி கசியுதான்னு பாக்கற ஈவாப் செக்குக்கு டேங்க் ஃபுல்லாவும் இருக்கக்கூடாது காலியாவும் இருக்கக்கூடாது, அந்த அளவுக்கு நுணுக்கம். என் கார்ல பேட்டரி மாத்தின கையோட சோதனைக்குப் போக வேண்டி வந்துச்சு, மாத்தினவங்களும் சொல்லல, சோதனை மையத்துலயும் 'ரெடி இல்ல, போயிட்டு வாங்க'ன்னு அனுப்பிட்டாங்க, என்ன ரெடி இல்ல, எப்படி ரெடி பண்றதுன்னு ஒருத்தரும் வாயத் திறக்கல. வண்டில எந்தக் கோளாறும் இல்ல. ஃபால்ட்ட அழிச்சுட்டு ஏமாத்தறவங்கள பிடிக்கத்தான் இந்த விதி, அந்த நியாயம் புரியுது, அதனாலதான் அமெரிக்க விதிமுறைல 2001 மாடல்ல இருந்து வந்த பெட்ரோல் கார்ல ஒரு மானிட்டர், அதாவது அந்த செக்குகள்ல ஒண்ணு மட்டும் முடியாம இருந்தா பரவாயில்லன்னு விட்டு வச்சிருக்காங்க. ஆனா அந்த ஒரு விளக்கத்த ஒரு துண்டு பேப்பர்ல அச்சடிச்சு கொடுத்திருந்தா எத்தனை பேரோட அலைச்சல் மிச்சமாகும்?

இதுல 2015ல வெளிய வந்த ஃபோக்ஸ்வேகன் விவகாரத்தயும் சேத்துப் பாருங்க. டெஸ்ட் நடக்குதுன்னு கண்டுபிடிச்சு அப்ப மட்டும் புகைய குறைக்கற சாஃப்ட்வேர டீசல் கார்ல கம்பெனியே போட்டு வித்துச்சு. அந்த கார வாங்கினவங்க ஒரு தப்பும் பண்ணல. ஒரு பக்கம் இவ்ளோ பெரிய மோசடி வருஷக்கணக்கா தப்பிச்சிருக்கு, இன்னொரு பக்கம் பேட்டரி மாத்தினவன திருப்பி அனுப்பறாங்கன்னா ஜனங்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

அப்புறம், டெஸ்ட் பண்றவரே ரிப்பேரும் பண்றது. எல்லாரும் ஏமாத்தறாங்கன்னு நான் சொல்லல, ஆனா ஃபெயில் போட்டா அவருக்கே வேலை கிடைக்கும்ங்கற இடத்துல உக்காந்திருக்கறவர முழுசா நம்பச் சொல்றது நியாயம் இல்ல. ஜெர்மனில டூவ், டெக்ரா மாதிரி அமைப்பு டெஸ்ட் மட்டும் பண்ணும், ரிப்பேர் நாம வேற எங்கயாவது பாத்துக்கணும், அந்தப் பிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பிரிட்டன்ல ஒர்க்‌ஷாப்பே டெஸ்ட் பண்ணலாம், ஆனா அங்க வேற ஒரு நல்லது இருக்கு, 2018ல இருந்து குறைபாட்ட ஆபத்தானது, பெரியது, சின்னதுன்னு பிரிச்சு எழுதறாங்க, சின்னதுக்கு ஃபெயில் கிடையாது, வண்டி நம்பர போட்டா பழைய சோதனை முடிவெல்லாம் ஆன்லைன்லயே பாக்கலாம். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய உதவி!

எரிச்சலா இருக்குன்னு சோதனையவே தூக்கிடறதும் எனக்கு சரியாப் படல. அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல 2025 ஜனவரி 1ல இருந்து சொந்த உபயோக கார்களுக்கு பாதுகாப்பு சோதனைய எடுத்துட்டாங்க, சில கவுண்டில, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி பகுதில, புகை சோதனை மட்டும் இருக்கு. சோதனை போச்சே தவிர அதுக்குப் பதிலான கட்டணம் பதிவுக் கட்டணத்தோட சேந்து இன்னும் வாங்கறாங்க. காசும் கொடுத்து, டயர் தேஞ்சிருக்குன்னு சொல்ல ஆளும் இல்லாம போறது கார் வச்சிருக்கவங்களுக்கு என்ன லாபம்?

கேள்வி கேட்டவருக்கு நான் சொல்றது இதான். போறதுக்கு முன்னாடி அரை மணி நேரமாவது நல்லா ஓட்டிட்டுப் போங்க, டேங்க பாதி அளவுல வச்சுக்கங்க, பேட்டரி சமீபத்துல மாத்தியிருந்தா ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனர மாட்டி ரெடி ஆயிடுச்சான்னு பாத்துட்டுப் போங்க. பல்பு, வைப்பர், டயர்லாம் நீங்களே பாத்துடலாம், நிறைய நாட்டுல டயர் பள்ளத்துக்கு வரம்பு 1.6 மில்லிமீட்டர்தான். அங்க போனதும் பிரேக் டெஸ்ட், புகை டெஸ்ட் ரெண்டோட பிரிண்ட் அவுட்டயும் கேட்டு வாங்குங்க, பாஸ் ஆனாலும் வாங்குங்க. தரமாட்டேன்னா ஸ்க்ரீன்ல தெரியறப்ப போட்டோ எடுத்துக்கலாமான்னு கேளுங்க. அடுத்த தடவ போறப்ப பழைய நம்பர பக்கத்துல வச்சுப் பாத்தா எந்த வீல் பிரேக் இறங்கிட்டே வருதுன்னு தெரிஞ்சுடும், ஃபெயில் ஆகற வரைக்கும் காத்திருக்காம அத மட்டும் சரி பண்ணிக்கலாம்.